கட்டிப் போடாத ஆயம்மா

பந்தலூரிலிருந்து மேலே ஏறிப் போனால் வரும் எஸ்டேட்டுகளில் ஒன்றில் இசக்கியம்மா ஆயாவாக இருந்தாள். எஸ்டேட்டின் பெயரைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளையும், பள்ளிக்கூட வயது வராத பொடிசுகளையும் விட்டுவிட்டுப் போகிற இடத்துக்குப் பிள்ளைக்காம்பரா என்று பெயர். இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த சனங்கள் பித்தளைக் குடத்தையும் துணி மூட்டையையும் கொண்டுவந்த மாதிரி இந்தச் சொல்லையும் கொண்டுவந்து இந்த மலையில் இறக்கியிருந்தார்கள்.

இசக்கியம்மாவும் அப்படி வந்தவள்தான். பதுளைப் பக்கம் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அங்கேயே புருஷனையும் பறிகொடுத்துவிட்டு, எழுபதுகளின் நடுவில் தனிக்கட்டையாக வந்து சேர்ந்தாள். பிள்ளைகுட்டி இல்லை. முழங்கால் வீங்கி மலையேற முடியாமல் போனதும், "சும்மா உக்காந்து புள்ள பாக்குற வேலைதானே" என்று சொல்லி ஆயா வேலைக்குப் போட்டார்கள். சும்மா உட்கார்ந்து! சொன்ன ஆளை ஒரே ஒரு பகல் அந்தக் காம்பராவுக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டிருக்க வேண்டும். ரெண்டு பேர் பார்க்க வேண்டிய பிள்ளைகளை ஒருத்தி தலையில் கட்டியிருந்தார்கள்.

ஒருத்தி எத்தனை பிள்ளையைத்தான் பார்ப்பாள்? அதற்கு அங்கே பழைய வழி ஒன்று இருந்தது. கைக்குழந்தைகளைத் தூளியில் போட்டு, வெளியே விழாமல் மேலே ஒரு முடிச்சுப் போடுவார்கள். தவழுகிற, நடக்கிற பிள்ளைகளைப் பழைய சேலைக் கிழிசலால் கணுக்காலில் கட்டி, மறுமுனையைச் சுவரோரத் தூணில் கட்டிவிடுவார்கள். அடுப்புப் பக்கம் போகாது, வெளியே இறங்காது. அழும், அழுது ஓயும், தூங்கும். பத்து மணிக்குப் பாலும் மத்தியானம் கஞ்சியும் வாயில் ஊற்றினால் தீர்ந்தது. அதில் யாருக்கும் குற்றம் தெரியவில்லை. அந்தத் தாய்மாரே சின்ன வயதில் அப்படிக் கட்டுண்டு கிடந்தவர்கள்தான். இசக்கியம்மாவும் முதல் வருஷம் முழுக்க அப்படித்தான் கட்டினாள்.

அதை மாற்றியவன் ராக்கம்மாவின் மகன் வேலன். அப்போது அவனுக்கு ரெண்டு வயதுகூட நிறையவில்லை. ஒருநாள் இசக்கியம்மா பின்பக்கம் துணி அலசிவிட்டு வந்து பார்க்கிறாள், பயல் கால் முடிச்சை அவிழ்த்துவிட்டு எழுந்து நிற்கிறான். ஓடிப்போய்ப் பிடிக்கத்தான் நினைத்தாள். என்னவோ தோன்றி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவன் தத்தித் தத்தித் தண்ணீர்க் குடத்தடிக்குப் போனான். எட்டவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தான். மூலையில் கிடந்த பலகையை இழுத்துக்கொண்டு வந்து போட்டு ஏறினான். டம்ளரால் மொண்டு, பாதியை மேலே கொட்டிக்கொண்டு, மீதியைக் குடித்தான். பிறகு மற்றொரு டம்ளர் மொண்டு, தூணில் கட்டுண்டு கிடந்த பக்கத்துப் பிள்ளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

இசக்கியம்மா அசந்துபோனாள். அதே பயல்தான் நேற்றுவரை தண்ணீருக்குத் தொண்டை கிழிய அழுதவன். கேட்க ஆள் இருந்தபோது அழுதான், ஆள் இல்லாதபோது தானே வழி கண்டுபிடித்தான். அன்று சாயங்காலம் ராக்கம்மாவிடம் இதைச் சொல்லும்போது இசக்கியம்மாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

"உம் மகன் பெரிய ஆளுடி. நான்தான் இவ்வளவு நாளும் கிறுக்கச்சியாட்டம் கட்டிப் போட்டு வச்சிருக்கேன்."

"அதுக்காக அவுத்து வுட்றாதீங்க அக்கா. அடுப்புல வுழுந்து தொலைச்சான்னா?"

"அடுப்பக் கட்டுவம். புள்ளைய ஏன் கட்டணும்?"

சொன்னபடியே செய்தாள். மூங்கில் வெட்டிக்கொண்டு வந்து அடுப்பைச் சுற்றித் தட்டி அடைத்தாள். குடத்தைத் தரையோடு தரையாக இறக்கிவைத்தாள். ஒவ்வொரு பிள்ளையாக அவிழ்த்துவிட்டாள். கஞ்சியைத் தட்டில் ஊற்றி அவர்கள் முன்னால் வைத்தாள். சும்மா சொல்லக் கூடாது, முதல் பத்து நாள் காம்பரா ரணகளமாகத்தான் இருந்தது. ஒருத்தன் விழுந்து மண்டையில் புடைத்துக்கொண்டான், ஒருத்தி கஞ்சிச் சட்டியில் காலை விட்டாள். தாய்மார் வந்து வசைபாடினார்கள். ஊட்டச் சோம்பல்பட்டுப் பிள்ளைகளைத் தாங்களாகவே அள்ளித் தின்ன விட்டிருக்கிறாள், காலை நீட்டிப் படுத்துக்கொண்டு சம்பளம் வாங்குகிறாள் என்று குடியிருக்கிற லயத்தில் பேச்சு. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உண்மையில் ஊட்டுவது சுலபம். ஊட்டாமல் இருப்பதுதான் கஷ்டம். ஒரு பிள்ளை சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டும்போது இசக்கியம்மாவின் கை தானாக முன்னால் போகும். அதைத் தடுக்க, ரெண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிள்ளை முகத்தைப் பார்க்கும், உதடு பிதுக்கும், கோபத்தில் காலை உதைக்கும். அவள் அசைய மாட்டாள். "உனக்கு வரும்டா" என்பாள். பொத்தான் ஓட்டைக்குள் போகிற அந்த நேரத்தில் பிள்ளையின் முகம் மலர்வதைப் பார்க்க அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். அங்கே யாருக்கும் பெரிதாக எதுவும் கற்றுக்கொடுக்கிற எண்ணம் அவளுக்கு இல்லை. தன் கையைச் சும்மா வைத்துக்கொண்டால் போதும், மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் புரிந்துவைத்திருந்தாள்.

இன்னொன்றும் செய்தாள். முன்னெல்லாம் காலையில் பிள்ளையை விட்டுவிட்டுப் போகும் தாய், அது வேறு பக்கம் பார்க்கும்போது நைசாக நழுவிவிடுவாள். திரும்பிப் பார்த்து அம்மா இல்லை என்றதும் பிள்ளை வீறிடும். "இந்தத் திருட்டுத்தனம் வேணாம்" என்று இசக்கியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "எந்த மலைக்குப் போறீங்களோ அதச் சொல்லிட்டுப் போங்க. புள்ளைக்கு வெளங்கும்."

பிள்ளைக்காம்பரா ஒரு மேட்டில் இருந்தது. மேகம் விலகினால் எல்லா மலையும் தெரியும். காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்தி, இன்றைக்கு யாருக்கு எந்த மலை என்று பிரித்துவிட்டதும், தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து வாசலில் நின்று கை நீட்டிக் காட்டுவார்கள். "அம்மா பள்ளத்து மலைக்குப் போறேன். சங்கு ஊதுனா வந்துருவேன்." ஒரு மாதத்தில் அழுகை நின்றுபோனது. அம்மா எங்கே என்று கேட்டால் ஒவ்வொன்றும் வாசலுக்கு ஓடிப்போய்ச் சரியான மலையைக் காட்டும். வேலனுக்கு எல்லா மலையும் அத்துபடி. மூன்றரை வயதில் அரைக்கதவின் தாழ்ப்பாளைத் தானே திறந்து, திண்ணமாக வெளியே போய், நாலு விறகுச் சுள்ளி பொறுக்கிக்கொண்டு வந்து, திரும்பவும் கதவைச் சாத்தித் தாழ் போடுவான். மழை பெய்தால் சாக்கை மூலை மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு போவான். அவனை நினைத்து இசக்கியம்மாவுக்குத் தலைகால் புரியாத பெருமை. தான் பெற்ற பிள்ளையாக இருந்தால்கூட அவ்வளவு பெருமைப்பட்டிருப்பாளா என்பது சந்தேகம்தான்.

அது ஆனி மாதம். கேரளத்துப் பக்கமிருந்து ஏறிவருகிற மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அன்று காலை ராக்கம்மா வேலனை இறக்கிவிட்டு, மேகத்துக்குள் கையைக் காட்டி, "கோயில் மலைக்குப் போறேன்டா ராசா" என்று சொல்லிவிட்டுப் போனாள். கோயில் மலை அவனுக்குப் புதிதல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேயிருக்கும் சின்ன மாரியம்மன் கோயிலுக்கு அவளோடு நடந்தே போய் வந்திருக்கிறான்.

காலைத் தேத்தண்ணி நேரத்துக்குப் பிறகு ஒரு கைக்குழந்தைக்கு வயிற்றால் போய், இசக்கியம்மா அதைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் கழுவப் போனாள். திரும்பி வந்தபோது வேலனைக் காணவில்லை. அரைக்கதவு ஒழுங்காகச் சாத்தித் தாழ் போட்டிருந்தது. அவனுடைய சாக்கும் ஆணியில் இல்லை. சுள்ளி பொறுக்குகிற இடத்திலும் அவன் இல்லை என்றதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. மற்றப் பிள்ளைகளை விட்டுவிட்டு அவள் ஓட முடியாது. வாசலில் நின்று கத்தினாள். மருந்தடிக்கிற மூக்கன் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தவன் ஓடிவந்தான்.

"ராக்கம்மா மகன் அவன் ஆயியத் தேடிப் போயிட்டான். கோயில் மலைக்கு ஓடு."

மூக்கன் ஓடினான். பாதி வழியில் சூப்பர்வைசர் சின்னராஜ் எதிரே வந்து, "கோயில் மலையில ஆளே இல்லியே. அப்பவே பள்ளத்து மலைக்கு மாத்தியாச்சு" என்று சொன்னார். அது அங்கே தினசரி நடப்பதுதான். காலையில் ஒரு மலை, கொழுந்து முற்றுகிறது என்று யாராவது சொன்னால் பத்து மணிக்கு இன்னொரு மலை. கூடையைத் தூக்கிக்கொண்டு போ என்றால் போக வேண்டும், அவ்வளவுதான். எங்கே போகிறோம் என்று பிள்ளைக்காம்பராவுக்குச் சொல்லி அனுப்ப யார் விடுவார்கள்? ஆகவே மூக்கன் பள்ளத்து மலைக்கு ஓடினான். அங்கே ராக்கம்மா இருந்தாள், பிள்ளை இல்லை.

பிள்ளைக்காம்பராவுக்கும் பள்ளத்து மலைக்கும் நடுவில் ஓடை இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான் வந்தது. கொழுந்தெடுத்த ஆட்கள் முழுக்க ஓடையில் இறங்கினார்கள். ராக்கம்மா கரையோரமாகப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டே ஓடினாள். சின்னராஜ் மட்டும் விசாரிக்கப் பிள்ளைக்காம்பராவுக்கு வந்தார். கோயமுத்தூர்ப் பக்கத்து மனிதர். கெட்டவர் என்று சொல்ல முடியாது.

"ஐயா, ஓடையில தேடாதீங்க. கோயில் மலைக்கு ஆள் அனுப்புங்க" என்றாள் இசக்கியம்மா.

"ஏனுங்க ஆயம்மா, அங்கதான் யாருமே இல்லீங்களே?"

"அது புள்ளைக்கு எப்படித் தெரியும்? கோயில் மலைன்னு சொல்லிட்டுத்தான் அவ போனா."

"மூணு வயசுப் பையனுங்க. அத்தன தூரம் மேடேறி எப்புடிப் போவான்? நீங்க பதட்டத்துல பேசறீங்க."

"போவான் ஐயா. அவனுக்கு வழி தெரியும். அவன் போவான்."

சின்னராஜ் தலையை ஆட்டிவிட்டு ஓடைக்கே திரும்பிப் போனார். உள்ளே பிள்ளைகள், வெளியே கொட்டுகிற மழை. இசக்கியம்மா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். ஓடைப் பக்கம் சனங்கள் கூப்பிடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கோயில் மலைப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. சாயங்காலம் சங்கு ஊதி, முதல் தாய் வந்து வாசலில் கால் வைத்ததும், கைக்குழந்தையை அவள் கையில் திணித்துவிட்டு, வீங்கின முழங்காலோடு மேடேறத் தொடங்கினாள்.

வேலன் கோயில் மலையில்தான் இருந்தான். வழி ஒரு இடத்திலும் தவறவில்லை. தண்ணீர்க் கானைத் தாண்டுகிற பலகையில் நடந்து, படிக்கட்டில் ஏறி, காலையில் அம்மா கூட்டம் கொழுந்தெடுத்த அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறான். எடுத்து முடிக்காத தேயிலை நிரையின் ஓரத்தில், ஒரு செடிக்கு அடியில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொங்காணி ஒழுங்காக மடித்துப் போட்டபடி தலையில் இருந்தது. மழையில் ஊறிக் கனத்திருந்தது. உதடு நீலம் பாரித்துப் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன.

அவளைப் பார்த்ததும் அவன் அழவில்லை. "அம்மா இங்கதான சொன்னுச்சு" என்றான்.

"ஆமாடா. இங்கதான் சொன்னா" என்று சொல்லி அவனை மாரோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். வழியெல்லாம் அவனிடம் பேசிக்கொண்டே வந்தாள். நீ சரியாத்தான் வந்தே, நீ சரியாத்தான் வந்தே என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

இரவே காய்ச்சல் கண்டது, மூச்சு இழுத்தது. கூடலூர் ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டர் தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தார். மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டது.

அடுத்த வாரம் ஆபீசில் விசாரணை வைத்தார்கள். எஸ்டேட் மேனேஜர் தொரை நாற்காலியில், சின்னராஜ் ஓரமாக, இசக்கியம்மா வாசலுக்கு வெளியே.

"கதவத் தொறக்க அந்தப் பையனுக்கு யார் சொல்லிக் குடுத்தது?" என்று தொரை கேட்டார்.

"அவனாத்தான் கத்துக்கிட்டான். நான் தடுக்கல."

"கட்டிப் போட்டிருந்தா இப்பிடி ஆகியிருக்குமா?"

"ஆகியிருக்காதுங்க."

"அப்புறம்?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தொரையிடம் எதிர்த்துப் பேசுகிற பழக்கம் அவளுக்கும் இல்லை, அவள் ஆத்தாளுக்கும் இல்லை. ஆனாலும் வாயில் வந்துவிட்டது.

"புள்ள வழி தவறலைங்க தொரை. அவன் போக வேண்டிய எடத்துக்குச் சரியாப் போயிட்டான். அவன் ஆயியத்தான் மலை மாத்தி வச்சிட்டீங்க. அவன் எங்க இருக்கான்னு நான் சொன்னப்பவும் யாரும் நம்பல."

சின்னராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தொரை, இனிமேல் நடக்கிற பிள்ளை எல்லாவற்றையும் முன்னேபோலக் கட்டித்தான் வைக்க வேண்டும், முடியாது என்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறோம் என்றார். பெண்களை மலை மாற்றும்போது பிள்ளைக்காம்பராவுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு இன்றைக்கும் வயிறு எரிவது அதை நினைத்துத்தான். ஒரு பிள்ளை செத்தும் மாறியது கதவுக்கு உள்ளே மட்டும்தான்.

வேலையை விட்டுவிடத்தான் இசக்கியம்மா நினைத்தாள். ஆனால் அவள் இடத்துக்கு வர இருந்தவளைப் பற்றி அவளுக்குத் தெரியும். அழுகிற பிள்ளையின் தொடையைக் கிள்ளி அடக்குகிற கை அது. கட்டத்தான் வேண்டும் என்றால் என் கையாலேயே கட்டுகிறேன், தளர்த்தியாவது கட்டலாம் என்று இருந்துவிட்டாள். அவிழ்த்துவிட்டு வளர்த்த பிள்ளைகளின் காலில் திரும்பவும் சேலைக் கிழிசலைச் சுற்றியபோது அவை அவளை நம்ப முடியாமல் பார்த்தன. ஒன்று முடிச்சை அவிழ்த்தது. அவள் மறுபடி கட்டினாள். திரும்ப அவிழ்த்தது. அவள் எட்டாத இடத்தில் தூணுக்குப் பின்னால் முடிச்சைப் போட்டாள். அதற்குப் பிறகு அது முயற்சி பண்ணவில்லை.

ராக்கம்மா அவளைக் குறை சொல்லவே இல்லை. காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்குக் காலைல நான் கோயில் மலைன்னு சொன்னது எனக்கே மறந்து போச்சு அக்கா. ஓடையில எறங்கித் தேடுறேன், அந்த நெனப்பே வரல. தெனமும் ஒரு மலை சொல்றோம், தெனமும் மாத்துறாங்க, நமக்கு எங்க நெனப்பு இருக்கு? அவன் மட்டும் மறக்கல."

இசக்கியம்மா ராக்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ராக்கம்மா அழாமல் உட்கார்ந்திருந்தாள்.

நாள் போகப் போகப் பிள்ளைக்காம்பராவில் அமைதி வந்துவிட்டது. தானே அள்ளித் தின்றதுகள் இப்போது தட்டு முன்னால் இருந்தாலும் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தன. தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தைப் பார்த்து அழுதன. எஸ்டேட்டைச் சுற்றிப் பார்க்க வந்த பெரிய மனிதர்கள் சிலர் வாசலில் எட்டிப் பார்த்து, பிள்ளைகள் எவ்வளவு ஒழுங்காக இருக்கின்றன என்று மெச்சிவிட்டுப் போனார்கள். இசக்கியம்மா கும்பிட்டு நின்றாள். உள்ளுக்குள் காறித் துப்பினாள்.

ராக்கம்மாவுக்கு அடுத்து ஒரு பெண் பிறந்தது. மாமியார் பேரை வைத்து அங்கம்மா என்று கூப்பிட்டார்கள். தூளியில் கிடக்கிற காலம் முடிந்து நிற்கப் பழகியதும், ராக்கம்மா தன் கல்யாணச் சேலையைக் கிழித்து, மெத்தென்று பின்னி எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள்.

"இத வச்சிக் கட்டுங்க அக்கா. தளர்த்திக் கட்டாதீங்க. எனக்குத் தெரியும் ஒங்கள. எறுக்கிக் கட்டுங்க."

"ராக்கம்மா, இவளையாவது..."

"வேணாம். புத்திசாலியா ஒருத்தன் இருந்தான், போதும். இவ உசுரோட இருந்தாப் போதும் எனக்கு."

இசக்கியம்மா கட்டினாள். தாய் பார்த்துக்கொண்டு நிற்கும்போது தளர்த்த முடியவில்லை. தாய் போன பிறகும் தளர்த்தப் பயமாக இருந்தது. அந்தப் பயம் அவளுக்குப் புதிது. வேலனுக்கு முன்னால் அவளுக்கு அது இருந்ததில்லை.

அங்கம்மாவுக்கு மூன்று வயதிருக்கும்போது, மழை இல்லாத ஒரு காலையில், ராக்கம்மா அவளைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டாள். இசக்கியம்மா ஒரு கைக்குழந்தையைத் தூளியில் போட்டுக்கொண்டிருந்தாள். அங்கம்மா யாரும் சொல்லாமல் உள்ளே நடந்து வந்தாள். தன் தூணடிக்குப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். பாவாடையை முழங்கால்வரை ஒதுக்கிவிட்டு, கட்டுவதற்குத் தோதாக ஒரு காலை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு, இசக்கியம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா அக்கா, சமத்து. அவளாவே கத்துக்கிட்டா" என்றாள் ராக்கம்மா. சந்தோஷமாகச் சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

இசக்கியம்மா குனிந்து அந்தக் காலைக் கட்டினாள்.